குதிகால் ஆட்டம்

ஜூன் 9, திங்கள்

என் பெயர் மாசிலாமணி. வயது எழுபத்திரண்டு. ஊர் சென்னை, புளியந்தோப்பு. இதை நானே எழுதுகிறேன்.

இவ்வளவு எழுத அரை மணி நேரம் ஆனது. எழுதி முடித்து எப்சிபாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். எப்சிபா என் மனைவி. எட்டாவது வரை படித்தவள். கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு படித்தாள்.

"எழுபத்திரண்டா? போன பொங்கலுக்கே எழுபத்திமூணு ஆயிடுச்சி உனக்கு."

"எழுத்து எப்படி?"

"எழுத்துக்கு இன்னா, நல்லாத்தான் கீது. ழ மட்டும் முறுக்கு புழிஞ்ச மாதிரி கீது."

முறுக்கு என்று சொன்னாலும் எனக்குச் சந்தோஷம்தான். போன வருஷம் இதே மாதத்தில் எனக்கு அ கூடத் தெரியாது. மாநகராட்சிப் பள்ளியில் சாயங்காலம் நடக்கும் முதியோர் வகுப்பில்தான் கற்றுக்கொண்டேன். ஹேமலதா டீச்சர் எல்லோருக்கும் ஒரு நோட்டு கொடுத்திருக்கிறார். "தினமும் எழுதுங்க. ஒரு வரி போதும். ஆனா நடந்தத எழுதுங்க" என்றார்.

நடந்ததைத்தான் எழுத வேண்டும்.

ஜூன் 10, செவ்வாய்

எண்கள் எனக்கு முன்பே தெரியும். பேருந்தும் ரூபாயும் கற்றுக்கொடுத்தவை. எழுத்துதான் புதிது. இன்று கடைக்குப் போகும் வழியில் எல்லாவற்றையும் படித்தேன். மாவு மில். பஞ்சர் கடை. பல் மருத்துவர். ஆடு அறுக்கும் ஆட்டுத்தொட்டிச் சுவரில் நீலத்தில் பெரிதாக ஒன்று எழுதியிருக்கும். இருபது வருஷமாக அதை ஏதோ கட்சி வாசகம் என்று நினைத்திருந்தேன். "இங்கு சிறுநீர் கழிக்காதீர்" என்று எழுதியிருக்கிறது. இருபது வருஷத்தில் எத்தனை முறை நான் அந்தச் சுவரில்... வேண்டாம்.

ஜூன் 11, புதன்

துவரம் பருப்பு. உளுத்தம் பருப்பு. ழகரம் ஐம்பது முறை எழுதினேன்.

ஜூன் 12, வியாழன்

வகுப்பில் இன்று ஒவ்வொருவரும் என்ன வேலை பார்த்தோம் என்று சொன்னோம். நான் ஒரு இசைப் பள்ளியில் ப்யூன் என்றேன். வேப்பேரிப் பக்கம் இருந்தது. இப்போது இல்லை. மணி அடிப்பது, ஹாலைப் பெருக்குவது, இசைப் புத்தகங்களை அலமாரியில் அடுக்குவது, கேட்டதை எடுத்துக் கொடுப்பது. கச்சேரி அன்று பியானோவுக்கு இடது பக்கம் உட்கார்ந்து தாள் திருப்புவது.

"தாள் திருப்புறதா? அதுக்கு ஒரு ஆளா?" என்று கோவிந்தம்மா கேட்டது. பூக்காரி. எனக்குப் பக்கத்துப் பெஞ்சு.

பியானோ வாசிக்கிறவர்களுக்கு இரண்டு கையும் வேலையாக இருக்கும். தாள் முடிந்தால் இன்னொருவர்தான் திருப்ப வேண்டும். எழுந்து நின்று, மேல் மூலையைப் பிடித்துக்கொண்டு காத்திருக்க வேண்டும். அவர்கள் தலையை லேசாக அசைப்பார்கள். உடனே திருப்பிவிட்டுச் சத்தமில்லாமல் உட்கார வேண்டும்.

"படிக்கத் தெரியாம எப்படி தாத்தா புத்தகம் எடுத்துக் குடுத்த?" என்றது கோவிந்தம்மா.

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அடையாளம் வைத்துத்தான், என்றேன். நீல அட்டை. பச்சை அட்டை. காபிக் கறை. எலி கடித்த மூலை. வேலைக்குச் சேரும்போது ஐந்தாவது வரை படித்ததாகச் சொல்லியிருந்தேன். கையெழுத்து மட்டும் ஒருவரிடம் கேட்டு, கோலம் போடுவது போலப் பழகிவைத்திருந்தேன். இருபத்தாறு வருஷத்தில் யாரும் கண்டுபிடிக்கவில்லை.

"நீங்க பெரிய கில்லாடி ஐயா" என்றார் ஹேமலதா டீச்சர்.

ஜூன் 14, சனி

கில்லாடி என்று சொன்னது இரண்டு நாளாக மனதில் இருக்கிறது.

அந்தப் பள்ளியில் நான் தாள் திருப்பியது முக்கால்வாசியும் ரோஸ்லின் டீச்சருக்குத்தான். மெலிந்த தேகம், வெள்ளைப் புடவை, இடது மணிக்கட்டில் ஆண்கள் கட்டும் பெரிய கடிகாரம். வாசிக்க உட்காரும்போது அதைக் கழற்றி என்னிடம் கொடுப்பார்கள். நான் சட்டைப் பையில் வைத்துக்கொள்வேன். அது ஓடுவது என் நெஞ்சில் கேட்கும்.

டீச்சர் வாசித்ததில் எனக்கு ரொம்பப் பிடித்தது ஸ்பெயின் நாட்டு நடன இசை. வயலினும் பியானோவும் சேர்ந்து வாசிப்பது. எழுதியவர் அந்த நாட்டுக்காரர், நூறு வருஷத்துக்கு மேல் ஆகிறது, பெரிய வயலின்காரர், தான் மேடையில் வாசிக்கத் தானே எழுதிக்கொண்டார் என்று டீச்சர் சொன்னார்கள். அதனால் அலங்காரமெல்லாம் வயலினுக்கு. வில்லால் இழுத்துக்கொண்டே இன்னொரு கையால் கம்பியைக் கிள்ள வேண்டும். சீட்டி அடிப்பது போல ஒரு குரல் எடுக்க வேண்டும். ஜெயசீலன் என்று ஒரு இளைஞர் வாசிப்பார். பார்க்கிறவர்கள் வாயைத் திறந்துகொண்டு பார்ப்பார்கள்.

"வயலினுக்கே எல்லாத்தையும் குடுத்துட்டாரே, உங்களுக்கு என்ன டீச்சர் வேலை?" என்று ஒருநாள் கேட்டேன்.

"ஆடுறவளுக்குத் தரை வேணாமா மாசிலாமணி? அவங்க ஊர்ல குதிகாலால தரையத் தட்டித் தட்டி ஆடுவாங்க. வயலின் ஆடுறவ. நான் தரை."

அதற்குப் பிறகு நான் பியானோவை மட்டும்தான் கேட்டேன். டக் டக்கென்று மரத்தரையில் செருப்பு விழுவது கேட்கும். மூன்று முறை தாள் திருப்ப வேண்டும். ஒவ்வொரு முறையும் என் கால் தானாக ஆடும். நான் அடக்கிக்கொள்வேன்.

இன்று ஒரு பக்கத்துக்கு மேல் எழுதிவிட்டேன்!

ஜூன் 16, திங்கள்

வகுப்புக்குப் புதுப் பாடப் புத்தகம் வந்தது. ஆளுக்கு ஒரு ப்ரவுன் பேப்பரும் கொடுத்தார்கள். கோவிந்தம்மாவுக்கு அட்டை போடத் தெரியவில்லை. நான் போட்டுக் கொடுத்தேன். பிறகு எல்லோரும் வரிசையாக நீட்டினார்கள். பதினேழு புத்தகம். ஓரம் மடித்து, மூலை மடித்து, நகத்தால் நீவி, ஒரு சுருக்கம் இல்லாமல். கை மறக்கவில்லை.

போட்டு முடித்ததும் மேஜையில் அடுக்கினேன். பதினேழும் ஒரே மாதிரி.

"இப்ப எது யாருதுன்னு எப்படித் தெரியும்?" என்றது கோவிந்தம்மா.

எனக்கு வியர்த்துவிட்டது. தண்ணீர் குடிக்கப் போவதாகச் சொல்லி வெளியே வந்து, அப்படியே வீட்டுக்கு வந்துவிட்டேன்.

ஜூன் 17, செவ்வாய்

வகுப்புக்குப் போகவில்லை. கால் வலி.

ஜூன் 18, புதன்

கால் வலி இல்லை. நடந்ததை எழுத வேண்டும்.

1987ஆம் வருஷம் ஆகஸ்ட் மாதம் ஒரு கச்சேரி. வெளிநாட்டிலிருந்து விருந்தினர்கள் வந்திருந்தார்கள். ஹால் நிறைந்திருந்தது. கடைசியாக ஸ்பெயின் நடனம். அன்று பியானோ மேல் இருந்த புத்தகம் மாறிவிட்டது. ரோஸ்லின் டீச்சர் பாதியில் நிறுத்த வேண்டியதாயிற்று. அதன் பிறகு டீச்சர் மேடையில் வாசிக்கவில்லை. அடுத்த வருஷம் வேலையை விட்டுவிட்டார்கள்.

ஜூன் 19, வியாழன்

நேற்று எழுதியதைப் படித்துப் பார்த்தேன். "புத்தகம் மாறிவிட்டது" என்று எழுதியிருக்கிறேன். புத்தகத்துக்குக் காலா இருக்கிறது?

ஜூன் 20, வெள்ளி

அந்த வருஷம் ஜூன் மாதம் பள்ளிச் செயலாளர் ஒரு கட்டு ப்ரவுன் பேப்பர் கொடுத்து, எல்லா இசைப் புத்தகத்துக்கும் அட்டை போடச் சொன்னார். நூற்று நாற்பது புத்தகம். நான்கு நாள் உட்கார்ந்து போட்டேன். எல்லோரும் வந்து பார்த்துப் பாராட்டினார்கள். கடை போல இருக்கிறது என்றார்கள். நானும் கையைக் கட்டிக்கொண்டு நின்று பார்த்தேன். அப்போதுதான் உறைத்தது. நீலம் இல்லை, பச்சை இல்லை, காபிக் கறை இல்லை, எலி கடித்த மூலை இல்லை. என் அலமாரியை நானே மூடிவிட்டேன்.

லேபிள் எழுதியது ரோஸ்லின் டீச்சர். புத்தகங்களின் பெயரெல்லாம் வேற்று மொழி. "உனக்கு இங்கிலீஷ் கஷ்டம்ல" என்று சொல்லி, தமிழில் தாங்களே பெயர் வைத்து எழுதி ஒட்டினார்கள். ஸ்பெயின் நடனம் இரண்டு புத்தகம். ஒன்றில் ஊஞ்சல் மாதிரி மெல்ல ஆடுகிற நடனம். இன்னொன்று அந்தத் தரை தட்டும் நடனம். அதற்குக் குதிகால் ஆட்டம் என்று பெயர் வைத்தார்கள். எழுதி எனக்குக் காட்டி, "இப்ப சுலபமா இருக்கா?" என்றார்கள்.

"ரொம்ப சுலபம் டீச்சர்" என்றேன்.

இரண்டு மாதம் சமாளித்தேன். மற்ற டீச்சர்களிடம், "நீங்களே பாத்து எடுத்துக்குங்க, கை அழுக்கா இருக்கு" என்பேன். கனம் பார்ப்பேன். மோந்து பார்ப்பேன். ஸ்பெயின் நடனம் இரண்டும் ஒரே கனம், ஒரே நீளம். பக்கத்தில் பக்கத்தில் இருந்தன. உள்ளே திறந்தால் எல்லாம் எறும்பு மாதிரிப் புள்ளிகள்.

கை வலிக்கிறது. நாளைக்கு.

ஜூன் 21, சனி

அன்று பியானோ மேல் இருந்த அந்தப் புத்தகம் என்னிடம் இருக்கிறது. பள்ளியை மூடியபோது பழையதையெல்லாம் வெளியே போட்டார்கள். அன்றைக்கே மூலையை மடித்து அடையாளம் வைத்திருந்த இது ஒன்றை மட்டும் எடுத்து வந்தேன். தகரப் பெட்டியில், என் கல்யாண வேட்டிக்கு அடியில் இருக்கிறது. படிக்கத் தெரிந்து ஆறு மாதம் ஆகியும் நான் அந்தப் பெட்டியைத் திறக்கவில்லை.

எனக்கு ஒரு ஆசை இருந்தது. எழுதவே வெட்கமாக இருக்கிறது. டீச்சரே லேபிளை மாற்றி ஒட்டியிருக்க வேண்டும் என்று ஆசை. நான் சரியாகத்தான் எடுத்தேன், லேபிள்தான் தப்பு என்று.

இன்று எப்சிபா மாதா கோயில் தெருவுக்குப் போன பிறகு திறந்தேன். காகிதம் கருத்திருந்தது. லேபிள் அப்படியே ஒட்டியிருந்தது.

ஊ. ஞ். ச. ல்.

ஆ. ட். ட. ம்.

பிறகு அட்டையைப் பிரித்தேன். உள்ளே பழைய அட்டையில் காபிக் கறை. ஊஞ்சல் புத்தகத்தில்தான் காபிக் கறை என்று எனக்கு நன்றாகத் தெரியும். டீச்சர் சரியாகத்தான் ஒட்டியிருக்கிறார்கள்.

ஒவ்வொரு எழுத்தும் கட்டைவிரல் நகம் அளவு பெரிது. ஒன்றாம் வகுப்புப் பிள்ளைக்கு எழுதுவது போல எழுதியிருக்கிறார்கள்.

ஜூன் 22, ஞாயிறு

சர்ச்சுக்குப் போனோம். பாட்டுப் புத்தகத்தைப் பார்த்துப் பாடினேன். எப்சிபா பெருமையாகப் பார்த்தாள். என்னால் தலை நிமிர முடியவில்லை.

ஜூன் 23, திங்கள்

எப்சிபாவிடம் சொல்லிவிட்டேன். கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள்.

"யாரு, அந்த ரோஸ்லின் டீச்சரா? தல சரியில்லாம போச்சி, அதான் வேலய வுட்டுட்டாங்கன்னு நீதான சொன்ன?"

"நான் அப்படித்தான் சொன்னேன்."

"அப்ப இன்னா நடந்திச்சி?"

சொன்னேன். இங்கேயும் எழுதுகிறேன்.

கச்சேரி அன்று டீச்சர் ஹாலுக்குள் போகும்போது, "மாசிலாமணி, கடைசிக்குக் குதிகால் ஆட்டம் எடுத்து வை" என்றார்கள். நான் அலமாரிக்குப் போனேன். இரண்டையும் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். யாரையாவது கேட்டிருக்கலாம். வெளியே நூறு பேர் இருந்தார்கள். நான் புதுச் சட்டை போட்டிருந்தேன். ஒன்றை எடுத்துக்கொண்டு போனேன்.

முறை வந்ததும் பியானோ மேல் வைத்துத் திறந்தேன். டீச்சர் பார்த்தார்கள். என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். அதற்குள் ஜெயசீலன் வில்லைத் தூக்கிவிட்டார். டீச்சர் மனப்பாடமாகவே ஆரம்பித்தார்கள். நான் எழுந்து மூலையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். டீச்சர் தலையை அசைக்கவே இல்லை. அசைக்க எதுவும் இல்லையே. நடுவில் ஓரிடத்தில் கை நின்றுவிட்டது. ஜெயசீலன் தனியாக வாசித்து முடித்தார். கைதட்டினார்கள். தரை இல்லாமல் ஆடியதற்கு இன்னும் பலமாகத் தட்டினார்கள். டீச்சர் கடிகாரத்தை வாங்காமலே எழுந்து போனார்கள்.

திங்கட்கிழமை கமிட்டி உட்கார்ந்தது. செயலாளர் கேட்டார், நான் பதில் சொன்னேன். அவர்களே ஒரு தாளில் எழுதினார்கள். நான் கையெழுத்து மட்டும்தான் போட்டேன். அதில் என்ன எழுதியிருந்தது என்று எனக்குத் தெரியாது.

எப்சிபா கீரையை வைத்துவிட்டாள். "எழுதுனது தெரியாது. சொன்னது இன்னா?"

"டீச்சர்தான் அந்தப் புத்தகத்தைக் கையில் எடுத்துக் கொடுத்தாங்க, நான் வாங்கி வெச்சேன்னு சொன்னேன்."

"அவங்க எதிர்லயா?"

"எதிர்லதான்."

"அவங்க இன்னா சொன்னாங்க?"

"கொஞ்ச நேரம் என்னையே பாத்தாங்க. அப்புறம், 'அவன் சொன்னா சரியாத்தான் இருக்கும்' னு சொன்னாங்க."

எப்சிபா கையில் ஒட்டியிருந்த மண்ணைத் தட்டினாள். பிறகு, "போன கிறிஸ்மஸுக்கு சர்ச்சுலருந்து பெரம்பூர் முதியோர் ஹோமுக்குக் கேக் குடுக்கப் போனோமே, அப்ப அவங்களப் பாத்தேன்னு உங்கிட்ட சொன்னனே. நெனப்பு கீதா?"

இருக்கிறது. நான் "ம்" என்று சொல்லிவிட்டு டிவியின் சத்தத்தைக் கூட்டினேன்.

"எங்கையப் புடிச்சிக்கினு இன்னா சொன்னாங்க தெரியுமா? 'மாசிலாமணி பொண்டாட்டியா? எங்கிட்ட உண்மையா இருந்தவன் அவன்' னாங்க."

சாயங்காலம் எப்சிபா எனக்கு டீ போடவில்லை.

ஜூன் 25, புதன்

டீச்சருக்குக் கடிதம் எழுத ஆரம்பித்தேன். நேரில் கொடுத்துவிட்டு உடனே கிளம்பிவிடலாம்.

ஜூன் 27, வெள்ளி

கடிதம் ஒரு பக்கம் ஆகிவிட்டது. ஒரு எழுத்துப் பிழையும் இல்லை என்று எப்சிபா சொன்னாள். எனக்குச் சந்தோஷம் வந்தது. இப்படிப்பட்ட கடிதத்துக்குச் சந்தோஷப்படுகிறேனே என்றும் இருந்தது. எழுத்தைப் பார்த்தால் இன்னமும் எனக்குச் சிரிப்புதான் வருகிறது. என்ன செய்வது.

ஜூன் 28, சனி

பெரம்பூர் போய் வந்தேன். எப்சிபா கூட வந்தாள். "நீ பாதி வழியில எறங்கிடுவ" என்றாள். கேட்டில் நின்றுகொண்டு என்னை மட்டும் உள்ளே அனுப்பினாள்.

டீச்சர் ஜன்னல் ஓரம் நாற்காலியில் இருந்தார்கள். எண்பத்தேழு வயது. சுருங்கிப் போய்விட்டார்கள். மணிக்கட்டில் கடிகாரம் இல்லை. (கச்சேரிக்கு மறுநாளே டீச்சர் மேஜையில் வைத்துவிட்டேன். அதை நான் எடுத்துக்கொள்ளவில்லை.)

"யாரு?"

"மாசிலாமணி, டீச்சர்."

"குரல் அப்படியே இருக்கு. உட்காரு. இந்தப் பக்கம் இல்ல, இடது பக்கம். அங்கதானே உனக்குப் பழக்கம்."

உட்கார்ந்தேன். கடிதத்தை நீட்டினேன். அவர்கள் வாங்கவில்லை. காற்றைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"உங்களுக்கு ஒரு கடுதாசி டீச்சர்."

"கண்ணு போய் நாலு வருஷம் ஆச்சுப்பா. வெளிச்சம் மட்டும் தெரியும். நீயே படி."

கொடுத்துவிட்டு ஓடிவிடலாம் என்று எழுதியது. என் வாயாலேயே படிக்க வேண்டியதாயிற்று. மெதுவாகத்தான் எனக்குப் படிக்க வரும். எனக்குப் படிக்கத் தெரியாது என்ற வரியைப் படித்தேன். டீச்சரின் புருவம் ஏறியது. அலமாரி முன்னால் நின்ற வரியைப் படித்தேன். "கமிட்டியில் நான் பொய் சொன்னேன்" என்ற வரிக்கு வந்ததும் நின்றுவிட்டேன். டீச்சர் லேசாகத் தலையை அசைத்தார்கள். பழைய அசைவு. அடுத்த வரிக்குப் போனேன்.

படித்து முடித்தேன். வெளியே யாரோ தட்டு கழுவிக்கொண்டிருந்தார்கள்.

"அப்ப நான் எடுத்துக் குடுக்கல."

"இல்ல டீச்சர்."

"குதிகால் ஆட்டம்னுதான் சொன்னேன்."

"ஆமா டீச்சர்."

"மறுபடி சொல்லு."

"நீங்க சரியாத்தான் சொன்னீங்க. நான்தான் மாத்தி எடுத்தேன்."

"எங்கம்மாவுக்கு அம்பது வயசுல மறதி வந்துது மாசிலாமணி. கடைசியில என் பேர் கூட தெரியல. அன்னிக்கு எனக்கு வயசு நாப்பத்தொம்பது. நான் எடுத்துக் குடுக்கலன்னு எனக்கு ஞாபகம் இருந்துது. ஆனா நான் குடுத்தேன்னு நீ சொல்ற. நீ பொய் சொல்ற ஆள் இல்ல. அப்ப என்ன அர்த்தம்? எனக்கும் வந்துடுச்சுன்னு அர்த்தம்."

நான் கடிதத்தை மடித்தேன். மறுபடி பிரித்தேன்.

"அதுக்கப்புறம் நான் என்னையே நம்பல. அடுப்ப அணைச்சேனா, கதவப் பூட்டினேனான்னு சீட்டு எழுதி ஒட்டி வெச்சேன். யார் முன்னாடியாவது வாசிச்சு மறுபடி கை நின்னுடுமோன்னு பியானோவ வித்தேன். இங்க வந்து பதினோரு வருஷம் ஆகுது. எனக்கு வாசிக்கத் தெரியும்னு இவங்க யாருக்கும் தெரியாது. முழுசா மறக்குற நாள் எப்ப வரும்னு முப்பத்தெட்டு வருஷமா காத்துக்கிட்டு இருக்கேன். வரவே இல்ல."

"டீச்சர்..."

"ஏன் சொல்லல நீ? படிக்கத் தெரியாதுன்னு எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருந்தா என்ன? நீ தட்டுத் தடுமாறிப் படிப்பேன்னு நெனச்சு எவ்ளோ பெருசா எழுதினேன்!"

அவர்கள் என்னை அதட்டியது அதுவே முதல் முறை.

"போ. எழுந்து போ."

வந்துவிட்டேன். டீச்சருக்குக் கண் தெரியாது என்று எப்சிபா கிறிஸ்மஸ் அன்றே பார்த்திருப்பாள், என்னிடம் சொல்லவில்லை. பேருந்தில் கையைப் பிடித்துக்கொண்டாள்.

ஜூன் 29, ஞாயிறு

நான் நினைத்திருந்தது என் பொய் டீச்சருக்குத் தெரியும், பெருந்தன்மையாக விட்டுவிட்டார்கள் என்று. அப்படி நினைத்துத்தான் இத்தனை வருஷம் சாப்பிட்டேன், தூங்கினேன். அவர்கள் என்னை நம்பியிருக்கிறார்கள்.

ஜூன் 30, திங்கள்

எழுத ஒன்றும் இல்லை.

ஜூலை 1, செவ்வாய்

உப்பு. புளி. சோப்பு.

ஜூலை 3, வியாழன்

வகுப்பில் கோவிந்தம்மா, "இன்னா தாத்தா, எழுத்து வந்ததும் பேச்சு போயிடுச்சா?" என்றது. சிரிக்க முயன்றேன்.

வீட்டுக்கு வந்தால் எப்சிபா வாசலில் நிற்கிறாள். ஹோமிலிருந்து சிஸ்டர் போன் செய்தாராம். ரோஸ்லின் டீச்சர் என்னை வரச் சொன்னார்களாம். என்னிடம் இருப்பதாகக் கடிதத்தில் எழுதியிருந்த அந்தப் புத்தகத்தையும் எடுத்து வர வேண்டுமாம்.

ஜூலை 5, சனி

மறுபடி அட்டையைப் போட்டு எடுத்துப் போனேன். எப்சிபாவும் இந்த முறை உள்ளே வந்தாள்.

ஹோமில் ஜெப அறை ஒன்று இருக்கிறது. அதில் ஒரு பழைய பியானோ. பாட்டு நேரத்தில் சிஸ்டர் ஒருவர் ஒரு விரலால் வாசிப்பாராம். டீச்சரை அதன் முன்னால் உட்கார வைத்திருந்தார்கள். பத்துப் பதினைந்து கிழவிகள் சும்மா பார்க்க உட்கார்ந்திருந்தார்கள்.

"புத்தகத்த மேல வை. லேபிள்ல என்ன எழுதியிருக்கு? படி."

"ஊஞ்சல் ஆட்டம்."

"சத்தமா."

"ஊஞ்சல் ஆட்டம்!"

"சரி. திற. அன்னிக்கு மாதிரியே. நான் குதிகால் ஆட்டம் வாசிக்கப் போறேன்."

விரல்கள் விறைத்திருந்தன. இரண்டு கட்டை அந்தப் பியானோவில் எழும்பவே இல்லை. முதலில் மிக மெதுவாக இருந்தது. பிறகு கேட்டது. மரத்தரையில் குதிகால். டக் டக். நான் எழுந்து மூலையைப் பிடித்துக்கொண்டேன். பார்வை இல்லாதவர்கள், மேலே இருப்பது வேறு புத்தகம். ஆனாலும் அந்த இடம் வந்ததும் டீச்சர் தலையை அசைத்தார்கள். திருப்பினேன்.

அடுத்து அன்றைக்கு நின்ற இடம். கை நின்றது. எப்சிபா என் சட்டையைப் பிடித்துவிட்டாள். டீச்சர் காற்றில் விரலை அசைத்துப் பார்த்தார்கள், உதட்டுக்குள் என்னவோ எண்ணினார்கள். பிறகு ஒரு அடி பின்னால் போய், அங்கிருந்து தாண்டிப் போனார்கள். இரண்டாவது அசைவு. திருப்பினேன். மூன்றாவது. திருப்பினேன். வயலின் இல்லை. கடைசி வரைக்கும் தரை மட்டும்தான்.

கையை மடியில் வைத்துக்கொண்டு, "எட்டுப் பக்கம்" என்றார்கள். "ஒண்ணும் போகல. எல்லாம் இருக்கு."

கிழவிகள் கைதட்டினார்கள். ஒரு பாட்டி, "இத்தினி நாளு ஏன்டி இத மறச்சு வெச்சிருந்த?" என்று திட்டியது. டீச்சர் பியானோவை மூடினார்கள். எனக்கு அழுகை வந்தது. வாயைத் திறந்தேன்.

"மன்னிச்சிட்டீங்களான்னு கேக்காத" என்றார்கள். "கேட்டா இல்லன்னு சொல்லிடுவேன்."

"சரி டீச்சர்."

"அன்னிக்கு ஒரு தாள்ல கையெழுத்துப் போட்டல்ல? அதுல அவங்க எழுதினாங்க. இப்ப நீயே எழுது. உன் கையெழுத்துல. எனக்கு ஒரு நாள் உண்மையாவே மறந்து போச்சுன்னா, சிஸ்டர் அத எனக்குப் படிச்சுக் காட்டணும். எழுதி எடுத்துட்டு வா."

"எப்ப டீச்சர்?"

"அவசரம் இல்ல. அழகா எழுது. எனக்கு எண்பத்தேழுதான் ஆகுது."

எப்சிபா சிரித்துவிட்டாள். டீச்சரும் கொஞ்சம் சிரித்தார்கள். என்னைப் பார்த்து இல்லை, எப்சிபா இருந்த பக்கம் பார்த்து.

ஜூலை 7, திங்கள்

நான்கு தாள் வீணானது. ஐந்தாவது சரியாக வந்தது. நாளை கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும். நகல் இங்கே:

"நான், மாசிலாமணி, இசைப் பள்ளி முன்னாள் ப்யூன், எழுதுவது. 1987ஆம் வருஷம் ஆகஸ்ட் மாதக் கச்சேரி அன்று, ரோஸ்லின் டீச்சர் என்னிடம் குதிகால் ஆட்டம் புத்தகத்தை எடுத்து வைக்கச் சொன்னார்கள். சரியாகச் சொன்னார்கள். புத்தகங்களின் மேல் சரியாகப் பெயர் எழுதியிருந்தார்கள். எனக்குப் படிக்கத் தெரியாது. அதை மறைத்தேன். தவறான புத்தகத்தை எடுத்து வைத்தேன். டீச்சர்தான் அதைக் கொடுத்தார்கள் என்று கமிட்டியில் பொய் சொன்னேன். டீச்சர் எதையும் மறக்கவில்லை. அன்றும் மறக்கவில்லை. 2025ஆம் வருஷம் ஜூலை ஐந்தாம் தேதி எட்டுப் பக்கமும் மனப்பாடமாக வாசித்தார்கள். நான் பக்கத்தில் இருந்து தாள் திருப்பினேன்."

எழுத்துகளைக் கட்டைவிரல் நகம் அளவு பெரிதாக எழுதினேன். சிஸ்டருக்குச் சுலபமாக இருக்கும்.

மேலிருந்து கீழே இரண்டு முறை படித்துப் பார்த்தேன். அதன் பிறகுதான் கையெழுத்துப் போட்டேன்.